பச்சிளங் குழந்தைத் தீவிர சிகிச்சையும் இறுதி முடிவுகளும்

1971ஆம் ஆண்டில் நம் நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 28 ஆகக் குறைந்தது. இது பெருமைக்குரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த 28 இறப்புகளுள் 20 இறப்புகள் பிறந்த முதல் 28 நாட்களுக்குள் நிகழ்ந்தவை. வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் தடுப்பூசிக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கும் அடங்கின. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறல், கிருமித் தொற்று ஆகிய மூன்றும் அவ்வளவு எளிதில் அடங்குவன அல்ல. இவற்றுக்குக் கருவியும் மருந்தும் பயிற்சி பெற்ற செவிலியரும் இரவு பகலாகத் தேவைப்படுகின்றனர்.

இத்தகைய சிகிச்சை பரவும்போது, அதற்கு முன் எழாத ஒரு வினாவும் உடன் வருகிறது. உயிர் காக்கும் கருவியை எந்தக் குழந்தைக்கு, எவ்வளவு காலம் பயன்படுத்துவது? பிழைக்கும் வாய்ப்பு இல்லையெனத் தெரிந்தபின் அதை நிறுத்தலாமா? நிறுத்துவதென்றால் யார் முடிவு செய்வது? கருவியே இல்லாத ஊரில் இவ்வினா எழுவதில்லை; இயற்கையே முடிவு செய்துவிடுகிறது. கருவி ஏராளமாக உள்ள நாடுகளில் ஐம்பது ஆண்டுகளாக இது பற்றி நூல்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் வந்துகொண்டிருக்கின்றன. நம் நாட்டின் பெரும்பகுதி இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் உள்ளது. அந்த இடைநிலையை ஆராய்வதற்குக் கர்நாடக மாநிலத்தின் கொள்ளேகால் வட்டாரம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

கொள்ளேகாலின் நிலை

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற கொள்ளேகால், 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்துக்கு மாறி, 1997இல் புதிதாக அமைந்த சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. மாதேஸ்வரன் மலையை உள்ளடக்கிய ஹனூர்ப் பகுதி அண்மைக் காலத்தில் தனி வட்டமாகப் பிரிந்தபோதிலும், அம்மலைக் காட்டுச் சிற்றூர்களுக்குக் கொள்ளேகாலே இன்றும் வாயில். கன்னடமும் தமிழும் சோளகர் பேச்சும் கலந்து வழங்கும் பகுதி இது. மாதேஸ்வரன் மலையிலிருந்து கொள்ளேகாலுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர்; அங்கிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஏறத்தாழ 40; மைசூருக்கு 60க்கும் மேல். இந்த எண்களை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் பெரும்பகுதி இவற்றைச் சுற்றியே அமைகிறது.

2003ஆம் ஆண்டில் மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்ட மருத்துவமனையில் தொடங்கப்பட்ட முன்மாதிரியைப் பின்பற்றி, நாடெங்கும் மூன்று அடுக்குகளாகப் பச்சிளங் குழந்தைப் பராமரிப்பு வகுக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு வழிமுறைகளின்படி, பிரசவம் நடக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பராமரிப்பு மூலை. வட்ட அளவிலான மருத்துவமனையில் நிலைப்படுத்தும் பிரிவு. மாவட்ட மருத்துவமனையில் சிறப்புப் பராமரிப்புப் பிரிவு. நடு அடுக்கு 1,800 கிராமுக்குக் குறையாத குழந்தைகளுக்கானது. அதற்குக் கீழ்ப்பட்ட எடையுள்ளவை மாவட்டத்துக்கு அனுப்பப்பட வேண்டும். மாவட்டப் பிரிவிலும் செயற்கைச் சுவாசமும் பெரிய அறுவை சிகிச்சையும் திட்டத்தில் இல்லை. அவற்றுக்கு மருத்துவக் கல்லூரியை நாட வேண்டும். நாட்டில் இன்று 900க்கும் மேற்பட்ட சிறப்புப் பிரிவுகள் இயங்குகின்றன. சாமராஜநகரில் 2016 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. மைசூரில் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த செலுவாம்பா மருத்துவமனை, தாய் சேய் நலத்துக்கெனவே நெடுங்காலமாக இயங்கிவருகிறது.

அடுக்கு அடுக்காக அமைத்தது சிக்கனமான திட்டமே. பெரும்பாலான குழந்தைகளுக்கு வெப்பமும் தாய்ப்பாலும் தூய்மையும் போதுமானவை. அவற்றுக்கு வென்டிலேட்டர் வாங்கி வைப்பது வீண் செலவு. எனினும் திட்டத்தை வகுத்தவர்கள் எண்ணிப் பாராத ஒரு விளைவும் உண்டு: ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் அடுத்ததற்கு அனுப்பும் ஒவ்வொரு வேளையும் குடும்பத்துக்கு ஒரு முடிவெடுக்கும் வேளையாகிவிடுகிறது.

ஒரு குடும்பக் கணக்கு

விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மாதேஸ்வரன் மலை அடிவாரத்தில் விவசாயக் கூலி வேலை செய்யும் கணவன், மனைவி, இரண்டு சிறு குழந்தைகள். மூன்றாவது பிரசவம் 27ஆம் வாரத்திலேயே நேர்ந்துவிடுகிறது. குழந்தையின் எடை 900 கிராம். முதலில் கொள்ளேகால், அங்கு நிலைப்படுத்தியபின் சாமராஜநகர், மூச்சு தளரவே மைசூர். பத்தாம் நாளில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டிருப்பது தெரிகிறது. பிழைப்பது அரிது, பிழைத்தாலும் கடும் ஊனம் இருக்கும் என மருத்துவர் கூறுகிறார். அதற்குள் கணவனுக்குப் பத்து நாள் கூலி இல்லை. மூத்த குழந்தைகள் அண்டை வீட்டில். தாய் இன்னும் பிரசவ உடல்.

2011இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரமம், அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங் குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், போக்குவரத்து ஆகிய அனைத்தையும் இலவசமாக்கியது. 2018 முதல் ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் கர்நாடகத்தில் ஆரோக்கிய கர்நாடகா என்ற பெயர் சேர்ந்து நடைமுறையில் உள்ளது. எனவே இக்குடும்பத்துக்குக் கட்டணம் இல்லை எனக் கொள்வோம். பொருளியல் மாணவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விலை சுழியமாக இருப்பதும் செலவு சுழியமாக இருப்பதும் ஒன்றல்ல. இழந்த கூலி, இரண்டு ஆட்களின் அயலூர் உணவு, வட்டிக்கு வாங்கிய கைமாற்று, வீட்டில் விட்டுவந்த குழந்தைகளின் பட்டினி ஆகியவை எந்தத் திட்டத்தின் பட்டியலிலும் வருவதில்லை. ஏழை வீட்டின் மொத்தச் செலவில் மருத்துவக் கட்டணத்தைவிட இவையே பெரிதாகிவிடும் சூழ்நிலை எளிதில் நேர்கிறது.

நார்வே நாட்டு ஆய்வாளர்கள் இருவர் இந்தியக் குழந்தை மருத்துவர்களிடம் நேர்முகம் கண்டு 2006இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். குழந்தையைப் பிழைக்க வைப்பது என் வேலை, ஆனால் அதன் உடன்பிறந்தோர் கதி என்ன என்பதே அக்கட்டுரைத் தலைப்பின் பொருள். மேலைநாட்டு மருத்துவ அறநூல்கள் தொட்டிலில் கிடக்கும் ஒரு குழந்தையின் நலனையே அளவுகோலாகக் கொள்கின்றன. நம் மருத்துவர் அந்தத் தொட்டிலுக்கு அப்பாலுள்ள வீட்டையும் பார்க்கிறார். இதை அறக்குறைவு எனத் தள்ளிவிட முடியாது. பற்றாக்குறைப் பொருளாதாரத்தில் எல்லா முடிவும் பங்கீட்டு முடிவே. ஆயினும் இந்தக் கணக்கை மருத்துவர் தம் மனத்துக்குள் போட்டுவிட்டு, குடும்பத்திடம் நோயைப் பற்றி மட்டும் பேசுவாரானால், முடிவின் உண்மைக் காரணம் எங்கும் பதிவாகாது போகும்.

நம் கற்பனைக் குடும்பம் என்ன செய்யும்? பெரும்பாலும் ஒரு தாளில் கையெழுத்திட்டுக் குழந்தையை எடுத்துச் செல்லும். 'மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்' என்பது அத்தாளின் வாசகம். சுவாசக் கருவி அகற்றப்படும். மைசூரிலிருந்து கொள்ளேகாலுக்கு வரும் வழியிலேயே, சில வேளைகளில் ஊர் எல்லையை எட்டுவதற்குள், உயிர் பிரிந்துவிடும். மருத்துவமனைக் கணக்கில் அது இறப்பு அன்று, வெளியேறுதல். கருவியை அகற்றியது மருத்துவரும் அல்லர், குடும்பமும் அன்று, சட்டமும் அன்று, ஒரு படிவம்.

மேலைநாடுகளில் 'சிகிச்சையை நிறுத்தும் முடிவு' என ஒரு பெயரிட்டு, கூடிப் பேசி, ஏட்டில் எழுதிச் செய்யும் அதே செயல், நம் நாட்டில் இப்படிவத்தின் மறைவில் நடைபெறுகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே கருவி நின்றபின் குழந்தைக்கு வலி நீக்கும் மருந்தும் தாயின் மடியும் கிடைக்கின்றன. இங்கே பேருந்தின் அல்லது வாடகை வண்டியின் இருக்கை கிடைக்கிறது.

பிற நாடுகளின் பட்டறிவு

இவ்வினாவுக்கு உலகம் ஒரே விடை கண்டுவிட்டது என எண்ணுவது தவறாகும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த டஃப், கேம்பெல் என்ற இரு மருத்துவர்கள், தம் பிரிவில் நிகழ்ந்த 299 குழந்தை இறப்புகளுள் 43 இறப்புகள், பெற்றோருடன் பேசிச் சிகிச்சையைத் தவிர்த்ததால் நேர்ந்தவை என 1973இல் வெளிப்படையாக எழுதினர். அதுவரை எல்லாரும் அறிந்தும் யாரும் எழுதாத செய்தி அது. 1982இல் இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டன் நகரில், டவுன் நோய்க்குறியுடனும் உணவுக்குழாய் அடைப்புடனும் பிறந்த ஒரு குழந்தைக்கு அறுவை சிகிச்சை வேண்டாமெனப் பெற்றோர் மறுத்தனர். ஆறாம் நாள் குழந்தை இறந்தது. எளிதில் சரிசெய்யக்கூடிய அடைப்பு அது. மறுப்புக்குக் காரணம் மூளை வளர்ச்சிக் குறை. நாடே கொந்தளித்தது. 1984இல் அந்நாட்டு நாடாளுமன்றம், ஊனத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைக் குழந்தைக் கொடுமைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. மீளா மயக்கம், தவிர்க்க இயலாத மரணம் போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஐரோப்பாவில் 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு பெரும் ஒப்பாய்வு நடத்தப்பட்டது. சிகிச்சைக்கு ஏதோ ஓர் எல்லை வகுத்த பட்டறிவு எல்லா நாட்டு மருத்துவர்களுக்கும் இருந்தது. ஆனால் ஓடும் கருவியை நிறுத்துவதில் நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்வீடன் ஆகியவை முன்னின்றன. இத்தாலியும் ஸ்பெயினும் தயங்கின. மருந்து செலுத்தி உயிரை முடிக்கும் செயலைக் குறிப்பிடத்தக்க அளவில் ஒப்புக்கொண்டவர்கள் பிரான்சிலும் நெதர்லாந்திலும் மட்டுமே இருந்தனர். அவ்விரு நாடுகளுக்கும் இடையில்கூட ஒற்றுமை இல்லை. குற்ற உணர்ச்சியிலிருந்து பெற்றோரைக் காக்க வேண்டுமென, முடிவின் சுமையை மருத்துவரே ஏற்பது அக்காலப் பிரெஞ்சு மரபு. நெதர்லாந்திலோ பெற்றோர் இசைவு இன்றியமையாதது. அந்நாட்டின் குரோனிங்கன் நகர மருத்துவர்கள் வகுத்து 2005இல் உலகறிய வெளியிட்ட நெறிமுறையில், நோய் உறுதி, தீராத் துன்பம், தொடர்பற்ற மற்றொரு மருத்துவரின் கருத்து, பெற்றோர் இருவரின் சம்மதம் ஆகியவை நிபந்தனைகளாக உள்ளன. உயிரை முனைந்து முடிக்கும் இச்செயலை நம் சட்டம் எவ்வகையிலும் ஏற்பதில்லை. சிகிச்சையைத் தவிர்த்தல், நிறுத்துதல் என்ற அளவிலேயே நம் விவாதம் அமைய வேண்டும்.

ஜப்பானின் வழி நேர் எதிரானது. தாய்க்கு வெளியே பிழைக்கத்தக்க கருவின் எல்லையாக அந்நாடு 1991இல் 22 வாரத்தைக் கொண்டது. அவ்வாரத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் முழு முயற்சி செய்யும் மருத்துவமனைகள் அங்குள. பிரிட்டனின் நஃபீல்டு உயிர் அறநெறிக் குழு 2006இல் தந்த அறிவுரையில் 22 வாரத்துக்கு முன் முயற்சி வேண்டாம். 23ஆம் வாரத்தில் பெற்றோர் விருப்பமே முதன்மை. 25 வாரத்துக்கு மேல் தீவிர சிகிச்சை தரலாம். ஒரே வயதுக் கரு, ஒரே அறிவியல். விளிம்பு மட்டும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இஸ்ரேல் 2005இல் இயற்றிய சட்டம் வயதுவந்தோரை மனத்தில் கொண்டதாயினும் இங்கே குறிப்பிடத்தக்கது. யூத சமய நெறி தொடர்ந்து ஓடும் கருவியை நிறுத்துவதைத் தடுக்கிறது. விட்டுவிட்டுத் தரும் சிகிச்சையை மீண்டும் தொடங்காதிருப்பதைத் தடுப்பதில்லை. எனவே சுவாசக் கருவிக்கு நேரங்காட்டி பொருத்தி, விட்டுவிட்டு இயங்கும் கருவியாக அதை மாற்றும் வழியை அச்சட்டம் எண்ணியது. வெளியார்க்கு இது சொற்சிலம்பமாகத் தோன்றலாம். தம் மரபை விட்டு விலகாமல் ஒரு வழி காண அச்சமூகம் எடுத்துக்கொண்ட உழைப்பு மதிக்கத்தக்கதே.

சமயமும் மரபும்

பண்பாடு தடையாகவே நிற்கும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. சான்றுகள் அவ்வாறு கூறவில்லை. மயக்க மருந்து வல்லுநர்களிடையே 1957இல் உரையாற்றிய போப் பன்னிரண்டாம் பயஸ், அளவுக்கு மீறிய சிகிச்சையை மேற்கொள்ள யாருக்கும் கடமை இல்லை என்றார். 1980களின் இறுதியில் சவூதி அரேபிய மார்க்க அறிஞர் குழு, தகுதியுள்ள மருத்துவர் மூவர் பயனில்லை என ஒருமித்துக் கூறினால் உயிர்மீட்பு முயற்சி செய்யாதிருக்கலாம் எனத் தீர்ப்பளித்தது.

இந்து மரபில் இதற்கென ஒரு தலைமைப் பீடம் இல்லை; வழக்கமே நூல். சிறு குழந்தைகளை எரிக்காமல் புதைப்பது, பல நாள் கழித்தே பெயரிடுவது ஆகியன, அடிக்கடி குழந்தைகளை இழந்த ஒரு சமூகம் தன் துயரத்துக்குக் கட்டிய வரப்புகள் எனலாம். இவற்றை வைத்துக்கொண்டு, இம்மக்கள் பச்சிளங் குழந்தையை முழு ஆளாகக் கருதவில்லை என்று சிலர் எழுதிவிடுகின்றனர். புறநானூற்றின் 74ஆம் பாட்டு அதற்கு மறுமொழியாக அமைகிறது. இறந்து பிறந்த குழவியையும் உருவற்ற பிண்டமாகப் பிறந்ததையும்கூட ஆள் அன்று என ஒதுக்காமல், வீரனுக்குரிய வாள் தழும்பை அளித்தே அடக்கம் செய்த மறக்குடி வழக்கத்தை அப்பாட்டு கூறுகிறது. போர்க்கால மரபு அது, இன்றைக்குப் பொருந்தாது. ஆயினும் மூச்சே விடாத குழந்தைக்கும் ஆள் என்னும் தகுதி உண்டு என்ற கருத்து இம்மண்ணுக்கு அயலானது அன்று.

நடைமுறையில் கொள்ளேகால்ப் பகுதியில் முடிவு செய்பவர் யார்? சட்டம் பெற்றோர் என்கிறது. உண்மையில் பாட்டனும் பாட்டியும் மாமனும் கூடியே பேசுவர். பிரசவித்த தாய் பெரும்பாலும் வேறொரு மருத்துவமனைக் கட்டிலிலோ ஊரிலோ இருப்பாள். குழந்தை போனபின்பே அவளுக்குச் சொல்லப்படும். கூடிப் பேசுவது குறையன்று. மேலைநாட்டுத் தனிமனித இசைவைவிட அது சுமையை நன்கு பகிர்கிறது. அந்தக் கூட்டத்தில் தாய்க்கு இடம் இல்லாததே குறை.

பெண் குழந்தை என்னும் காரணத்தையும் இங்கே மறைக்க இயலாது. நாடெங்கும் சிறப்புப் பராமரிப்புப் பிரிவுகளில் சேர்க்கப்படுவோருள் பெண் குழந்தைகள் ஆண்களைவிடக் குறைவு. ஆண் குழந்தை இயல்பிலேயே நலிந்தது என்ற உயிரியல் காரணம் ஒரு பகுதியை மட்டுமே விளக்கும். கொள்ளேகாலுக்குக் கிழக்கே காவிரியின் மறுகரையில் சேலம், தருமபுரிப் பகுதி. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்க நேர்ந்தது. எனவே குடும்பத்தின் விருப்பமே இறுதி என எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எந்த அரசாலும் இயலாது. 900 கிராம் எடையுள்ள பெண் குழந்தையை எடுத்துச் செல்ல விரும்பும் குடும்பத்திடம், அதே எடையுள்ள ஆண் குழந்தையாயின் என்ன செய்வீர்கள் என்ற வினாவை யாரேனும் கேட்கத்தான் வேண்டும்.

சட்டத்தின் நிலை

அருணா ஷான்பாக் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் முதன்முறையாகச் சிகிச்சை நிறுத்தத்துக்கு வரையறை தந்தது. 2018 மார்ச் 9ஆம் நாள் 'காமன் காஸ்' வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, மாண்புடன் இறப்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி எனத் தீர்ப்பளித்தது. அன்று விதிக்கப்பட்ட நடைமுறை மிகக் கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கப்பட்டது. இப்போதைய முறைப்படி மருத்துவமனையில் முதல்நிலைக் குழு ஒன்று. மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவர் உள்ளிட்ட இரண்டாம் நிலைக் குழு ஒன்று. இரண்டும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துக் கூற வேண்டும். கருவியை நிறுத்துமுன் நடுவருக்குத் தகவல் தர வேண்டும். 2025 ஜனவரி 30ஆம் நாள் கர்நாடக அரசு இத்தீர்ப்பைச் செயற்படுத்தச் சுற்றறிக்கை வெளியிட்டது.

இத்தீர்ப்பின் அடித்தளம் நோயாளியின் தன்னுரிமை. முன்கூட்டியே எழுதிவைத்த விருப்ப ஆவணத்துக்கு அதில் பெரும் இடம் உண்டு. பத்து நாள் குழந்தைக்கு எழுதிவைத்த விருப்பம் ஏது? சொல்லப்படாத விருப்பத்தை ஊகிக்கும் வழியும் இல்லை. அது இன்னும் எதையும் விரும்பிப் பழகவில்லை. எஞ்சுவது குழந்தையின் நலன் என்ற ஒரே அளவுகோல். சட்ட ஆணையம் 2006ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சிறார் நிலையையும் எண்ணிப் பார்த்தது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மருத்துவக் குழுவும் குடும்பமும் கூடிப் பேசி ஒருமித்து முடிவு காணுதல், அதை எழுத்தில் பதிதல், முடிவுக்குப்பின் நோய்தணிப்புப் பராமரிப்பைத் தொடர்தல் ஆகியவை வலியுறுத்தப்பட்டுள்ளன. எனவே நெறி இல்லை என்று சொல்வதற்கில்லை. நெறி மைசூரில் நின்றுவிடுகிறது. கொள்ளேகால் செல்லும் வண்டியில் அது ஏறுவதில்லை.

மருத்துவர் கையெழுத்துப் படிவத்தை நாடுவதற்கும் தக்க காரணம் உண்டு. கருவியைத் தாம் நிறுத்தியதாக ஏட்டில் எழுதினால் நாளை வழக்கு வருமோ என்ற அச்சம். குடும்பம் எடுத்துச் சென்றதாக எழுதினால் அச்சம் இல்லை. அந்த அச்சத்தைப் போக்குவதே இரு குழுக்களின் பயன். இரண்டு நாட்களில் முடிவு சொல்லக்கூடிய குழு உள்ள இடத்தில் படிவத்துக்குத் தேவை குறையும்.

எங்கிருந்து தொடங்குவது

முடிவுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே முதல் வேலை எனக் கருதுகிறேன். பிழைத்திருக்கக்கூடிய குழந்தை தொலைவினால் இறப்பதை இறுதி முடிவு என்று அழைக்கவே கூடாது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில், இன்குபேட்டர் போதாமையால் தாயின் மார்பிலேயே குழந்தையை அணைத்துவைக்கும் கங்காரு முறை தோன்றியது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியிட்ட சோதனையில், எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்தவுடனேயே இம்முறையில் வைத்ததால், நிலைப்பட்டபின் வைப்பதைக் காட்டிலும் இறப்பு கால் பங்கு குறைந்தது. இதற்கு வேண்டியது ஒரு துணியும் ஒரு தாயும். தாயைக் கட்டிலோடு சேர்த்துக் குழந்தையின் பிரிவுக்குள் அனுமதிக்கும் நிர்வாக மனமும். மகாராட்டிரத்தின் கட்சிரோலியில், பயிற்சி பெற்ற கிராமப் பெண்களைக் கொண்டு வீட்டிலேயே தரப்பட்ட பராமரிப்பு, பச்சிளங் குழந்தை இறப்பை 62 விழுக்காடு குறைத்ததாக டாக்டர் அபய் பங் குழுவினர் 1999இல் நிறுவினர். கட்சிரோலியின் காடும் மாதேஸ்வரன் மலையின் காடும் போக்குவரத்து இடர்ப்பாட்டில் ஒன்றே.

அவ்வாறு குறைத்தபின்னும் எஞ்சும் குழந்தைகள் இருக்கும். அவற்றுக்காகச் சாமராஜநகர் மாவட்டக் குழுவில் குழந்தை மருத்துவர் ஒருவர் நியமனம் பெற வேண்டும். மூளைச் சிறப்பு மருத்துவரும் மயக்க மருத்துவரும் மட்டும் அமர்ந்து பச்சிளங் குழந்தைக்குக் கருத்துக் கூறுவது பொருந்தாது. வேற்றூர் மருத்துவமனையில் தொலைபேசியோ காணொலியோ வழியாகத் தாய் பேச்சில் கலந்துகொள்ள ஏற்பாடு வேண்டும். பேச்சு அவள் மொழியில் அமைய வேண்டும். தமிழ் பேசும் மலையூர்ப் பெண்ணிடம் கன்னடத்தில் சொல்லி, ஆங்கிலத் தாளில் கைநாட்டுப் பெறுவதை இசைவு என்று எப்படி அழைப்பது?

வலியைப் பற்றியும் ஒரு சொல். பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாது என்றே 1980கள் வரை மருத்துவ உலகில் பலர் நம்பினர். போதிய மயக்க மருந்தின்றி அறுவை செய்வதும் வழக்கமாயிருந்தது. அந்நம்பிக்கை தவறு என 1987இல் நிறுவிய ஆய்வை நடத்தியவர் இந்தியாவில் பிறந்த மருத்துவர் கன்வல்ஜீத் சிங் ஆனந்த். மார்ஃபின் போன்ற இன்றியமையா மருந்துகள் கிடைப்பதை எளிதாக்கப் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டது. சட்டம் திருந்திய பின்னும் வட்ட மருத்துவமனை வரை அம்மருந்து வந்து சேர்ந்தால்தான், குழந்தையைத் தம் வீட்டிலேயே இறக்க விரும்பும் குடும்பத்துக்கு அதனால் பயன். வீடு திரும்பும் விருப்பம் தன்னளவில் தவறானதன்று. பாட்டியின் மடியில், சொந்த மண்ணில் உயிர் பிரியட்டும் என எண்ணுவோர் பலர். அவ்விருப்பத்தை 'ஆலோசனைக்கு மாறானது' என எழுதாமல், ஆலோசனையுடன் கூடிய வீடு திரும்பலாக ஏற்று, ஊர்தியும் ஒரு செவிலியும் மருந்தும் உடன் அனுப்பினால் செலவு பெரிதாகாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மேலும் ஒரு வாரம் வைத்திருப்பதைவிடக் குறைவாகவே ஆகும்.

ஊரில் அக்குழந்தையைப் பார்க்கப் போகிறவர் ஆஷா பணியாளரே. 2011ஆம் ஆண்டு வழிமுறையின்படி, பிறந்த 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் அவர் வீட்டுக்குச் சென்று பார்த்தால் 250 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. எடை குறித்தல், தடுப்பூசி, பிறப்புப் பதிவு ஆகியவற்றுடன், 42ஆம் நாள் வரை தாயும் சேயும் நலமாயிருத்தலும் அத்தொகைக்கு ஒரு நிபந்தனையாக வைக்கப்பட்டது. உயிரைக் காக்க ஊக்கம் தர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட விதி இது. ஆயினும் இறக்கப்போகும் குழந்தையின் வீட்டுக்கு மலைப்பாதையில் நடந்து செல்லும் பணியாளருக்கு அவ்விதியின்படி ஊதியம் இல்லை; குழந்தை போனபின் பால் கட்டிய மார்போடு படுத்திருக்கும் தாயைப் பார்க்கச் செல்வதற்கும் இல்லை. அந்நிபந்தனை நடைமுறையில் உள்ள இடங்களில் அதை நீக்கி, சென்று பார்த்த நாட்களுக்கே தொகை என மாற்ற மாவட்ட சுகாதாரச் சங்கம் மாநிலத்துக்குப் பரிந்துரைக்கலாம். ஆண்டொன்றுக்கு ஒரு வட்டத்தில் இதனால் கூடும் செலவு, ஒரு வென்டிலேட்டரின் ஆண்டுப் பராமரிப்புச் செலவை எட்டாது.